பாக்டீரியாவைத் தின்னும் பாக்டீரியா உணவுக்குக் காவல் நிற்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். என் மேசையில் இருக்கும், பாக்டீரியாவைப் பரப்பி வளர்க்கும் பெட்ரி தட்டுகளைப் பார்த்து, "இதென்ன ஓட்டை ஓட்டையா இருக்கு?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். "அந்த இடத்துல இருந்த பாக்டீரியாவை இன்னொரு பாக்டீரியா தின்னுடுச்சு" என்று சொன்னால் போதும், அடுத்த அரைமணி நேரத்துக்குக் கேள்வி மேல் கேள்விதான். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்துவிட்டேன்.

"பாக்டீரியாவை பாக்டீரியா தின்னுமா? நிஜமாவா, இல்ல சும்மா பேச்சுக்குச் சொல்றீங்களா?"

நிஜமாகத்தான். பெரும்பாலான பாக்டீரியாக்கள் சுற்றிலும் கரைந்து கிடக்கும் சத்தை உறிஞ்சி வாழ்பவை. ஆனால் சில இனங்கள் உயிரோடிருக்கும் வேறு பாக்டீரியாவைப் பிடித்து, கொன்று, அதன் உடம்பைக் கரைத்துக் குடித்து வளர்கின்றன. இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது டெல்லோவிப்ரியோ பாக்டீரியோவோரஸ். கிரேக்க மொழியில் 'டெல்லா' என்றால் அட்டை, ரத்தம் உறிஞ்சுமே அந்த அட்டை. 'விப்ரியோ' என்பது வளைந்த உடல்கொண்ட பாக்டீரியாவுக்கு வைக்கிற பெயர். கடைசிச் சொல்லுக்கு 'பாக்டீரியாவை விழுங்குவது' என்று பொருள். பெயரிலேயே மொத்தக் கதையும் இருக்கிறது.

ஆள் சிறிசு. ஒரு மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நீளம் இருந்தால் அதிகம். அது வேட்டையாடும் ஈ. கோலை என்ற பாக்டீரியா அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். ஆனால் வேகத்தில் ஈ. கோலை கிட்ட வர முடியாது: வினாடிக்கு 160 மைக்ரோமீட்டர் வரை நீந்தும், அதாவது தன் உடல் நீளத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல். மண்ணிலும் ஆற்றிலும் கழிவுநீரிலும் இருக்கிறது. கடலில் இருக்கும் இதன் உறவுக்காரர்களுக்கு ஹாலோபாக்டீரியோவோரக்ஸ் என்று பெயர்.

"இதை யார் கண்டுபிடிச்சது? தேடிப் போய்க் கண்டுபிடிச்சாங்களா?"

வேறொன்றைத் தேடப்போய்க் கிடைத்தது. 1962இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹைன்ஸ் ஸ்டோல்ப், செடிகளுக்கு நோய் தரும் ஒரு பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் மண்ணில் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வகை வைரஸ் இருந்தால் ஒரே நாளில் தட்டில் தெளிந்த வட்டங்கள் விழும். அவர் சில தட்டுகளைத் தூக்கிப் போடாமல் இன்னும் இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது, புதிதாக வட்டங்கள் தோன்றி, நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டிருந்தன. வைரஸ் அப்படிச் செய்யாது. நுண்ணோக்கியில் வைத்தால், பெரிய பாக்டீரியாக்கள் மேல் குட்டிக் குட்டியாக எதுவோ பாய்ந்து மோதிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு, மார்ட்டிமர் ஸ்டார் என்பவரோடு சேர்ந்து அதற்குப் பெயர் வைத்தார்.

இந்தக் கதையைப் படித்துவிட்டுத்தான் நான் வேலையில் சேர்ந்தேன். இருந்தும் என் முதல் தொகுதித் தட்டுகளை இரண்டாம் நாளே 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கழுவப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு தட்டு இன்குபேட்டரின் மூலையில் தப்பிக் கிடந்தது. ஐந்தாம் நாள் பார்த்தால் அதில் பதினேழு வட்டங்கள்.

"அது எப்படி அவ்வளவு பெரிய இரையைத் தின்னும்? வாய் இருக்கா?"

வாய் கிடையாது. அது இரைக்குள்ளே போய்விடுகிறது, அதுதான் இதில் விசேஷம். முதலில் வேகமாக வந்து மோதும். சரியான இரை என்றால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் இரையின் வெளிச்சவ்விலும் அதற்கடியில் உள்ள சுவரிலும் சிறு துளை போட்டு, உடம்பைக் குறுக்கி உள்ளே நுழைந்து, வந்த வழியை அடைத்துவிடும். நடுவீட்டுக்குப் போகாது. வெளிச்சவ்வுக்கும் உள்சவ்வுக்கும் இடையில் ஒரு சந்து இருக்கிறது, அங்கே உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்தபடியே நொதிகளை விட்டு இரையின் புரதத்தையும் மரபணுப் பொருளையும் துண்டு துண்டாக உடைத்து உறிஞ்சும்.

நுண்ணோக்கியில் இதைப் பார்ப்பது தனி அனுபவம். குச்சி குச்சியாகக் கிடந்த ஈ. கோலை ஒவ்வொன்றாகக் கோலி மாதிரி உருண்டு போகும். உருண்டுவிட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வேட்டைக்காரன் உள்ளுக்குள் நூல்போல நீண்டு, சாப்பாடு தீர்ந்ததும் தன்னைத் தானே துண்டுபோட்டுக்கொள்ளும். ஒரு ஈ. கோலையிலிருந்து பெரும்பாலும் மூன்று முதல் ஆறு குட்டிகள். கோலி உடைந்து அவை வெளியே பாய்ந்துவிடும். மோதலில் ஆரம்பித்து இதுவரைக்கும் மூன்று, நான்கு மணி நேரம். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

"அப்ப உணவுல வர்ற எல்லாக் கெட்ட கிருமியையும் தின்னுடுமா?"

இல்லை. மேலே சொன்ன 'வெளிச்சவ்வு' எந்த பாக்டீரியாவுக்கு இருக்கிறதோ அதை மட்டும்தான். 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் கண்டுபிடித்த சாயச் சோதனையை வைத்து பாக்டீரியாக்களை இன்றும் இரண்டு கட்சியாகப் பிரிக்கிறோம். வெளிச்சவ்வு உள்ளவை கிராம் நெகட்டிவ். அது இல்லாமல் தடித்த சுவர் மட்டும் உள்ளவை கிராம் பாசிட்டிவ். டெல்லோவிப்ரியோவுக்கு முதல் கட்சிதான் இரை.

உணவு வழியாக வரும் கிருமிகளில் சால்மொனெல்லா, ஈ. கோலை ஓ157, ஷிகெல்லா, கடல் உணவில் வரும் விப்ரியோ எல்லாம் முதல் கட்சி. குளிரிலும் வளரும் லிஸ்டீரியா, நச்சை உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ், டப்பா உணவில் பயப்பட வேண்டிய கிளாஸ்ட்ரிடியம், சமைத்து ஆறிய சோற்றில் பெருகும் பேசில்லஸ் செரியஸ் நான்கும் இரண்டாவது கட்சி. அவற்றைப் பிடிக்க இதனால் ஆகாது. பாதிக் கிருமிக்குத்தான் இந்தக் காவலாளி என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

"நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துத் தின்னுட்டா என்ன பண்றது?"

போன பதிலில் குறையாகச் சொன்னதே இங்கே நிறையாகிறது. பாலை உறைய வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் கிராம் பாசிட்டிவ். டெல்லோவிப்ரியோ அவற்றின் பக்கமே போகாது. ஆனால் அவை உண்டாக்கும் புளிப்பு டெல்லோவிப்ரியோவுக்கு ஆகாது. நடுநிலைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அது நன்றாக வேட்டையாடும், புளித்த உணவில் அதற்கு வேலையில்லை.

குடலில் இரண்டு கட்சியும் உண்டு. ஆனால் அங்கே பிராணவாயு கிட்டத்தட்ட இல்லை, வேட்டையாட டெல்லோவிப்ரியோவுக்குப் பிராணவாயு வேண்டும். அதனால் குடலை அது துடைத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. இதே காரணத்தால்தான் காற்றை உறிஞ்சி எடுத்து அடைத்த பொட்டலத்துக்குள்ளும் அது எழுந்திருக்காது.

"நம்ம செல்லுக்குள்ள புகுந்துடாதா? தெரியாம சாப்பிட்டா?"

புகாது. நம் செல்லின் வெளிப்பரப்பு பாக்டீரியாவினுடையது போல இல்லை, அதில் ஒட்டிக்கொள்ளவோ அதைத் துளைக்கவோ டெல்லோவிப்ரியோவிடம் கருவி இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெல்லோவிப்ரியோவும் கிராம் நெகட்டிவ்தான், அதற்கும் வெளிச்சவ்வு உண்டு. வழக்கமாக இந்த வெளிச்சவ்வில் உள்ள கொழுப்புப் பகுதியைப் பார்த்துத்தான் நம் உடல் அலறிக்கொண்டு காய்ச்சலை வரவழைக்கும். டெல்லோவிப்ரியோவில் அந்தப் பகுதி வேறு மாதிரி இருக்கிறது. பாஸ்பேட் இருக்க வேண்டிய இடத்தில் சர்க்கரை. அதனால் உடலின் எதிர்வினை மிகவும் குறைவு. எலிகளுக்கும் கோழிக் குஞ்சுகளுக்கும் கொடுத்துப் பார்த்ததிலும் கெடுதல் தென்படவில்லை.

அதற்காக 'சாப்பிடலாம்' என்று யாரும் முத்திரை குத்திவிட முடியாது. தயிரில் இருக்கும் பாக்டீரியாவை மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தின்று பார்த்திருக்கிறார்கள். இதற்கு அப்படியொரு அனுபவம் கிடையாது. உயிருள்ள பாக்டீரியாவை வேண்டுமென்றே உணவில் சேர்ப்பதாக இருந்தால், எந்த வகை, எவ்வளவு, எந்த உணவில் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆதாரம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

"வைரஸ் வச்சு கிருமியைக் கொல்றாங்களே, பேஜ்னு. அதுவும் இதுவும் ஒண்ணுதானே?"

நோக்கம் ஒன்று, வழி வேறு. பேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். அது ஒரு குறிப்பிட்ட பூட்டுக்குச் செய்த சாவி மாதிரி. சால்மொனெல்லாவுக்கான பேஜ் ஈ. கோலையைப் பெரும்பாலும் சீண்டாது, சால்மொனெல்லாவிலேயே சில வகைகளை விட்டுவிடும். டெல்லோவிப்ரியோ அவ்வளவு பார்ப்பதில்லை. கிராம் நெகட்டிவ் என்றால் பலதையும் ஒரு கை பார்க்கும்.

ஆனால் நடைமுறையில் பேஜ்தான் முந்திக்கொண்டது. 2006இலேயே லிஸ்டீரியாவைக் கொல்லும் பேஜ் கலவையைத் தயார்நிலை இறைச்சியில் தெளிக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்தது. பேஜ் உயிரற்ற பொட்டலம் போல. நீண்டநாள் சேமிக்கலாம், பட்டினி கிடந்தாலும் சாகாது. டெல்லோவிப்ரியோவுக்குச் சேமிப்பதுதான் தலைவலியே. கண்மண் தெரியாமல் நீந்திக்கொண்டிருப்பதால் கையிருப்புச் சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும். இரை இல்லாவிட்டால் ஒரு நாளைக்குள் அதில் பெரும்பங்கு செத்துப்போகும்.

"ஒரு பாட்டில்ல அடைச்சு, சாப்பாட்டு மேல தெளிச்சா முடிஞ்சுதே?"

எல்லாரும் ஆசைப்படுவது இதுதான். எனக்கும் ஆரம்பத்தில் அந்த ஆசை இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும்.

சத்தும் சூடும் சரியாக இருந்தால் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை. ஒன்று 4,096 ஆகிவிடும். அதே நான்கு மணி நேரத்தில் ஒரு டெல்லோவிப்ரியோ நான்கோ ஐந்தோ ஆகியிருக்கும், அவ்வளவுதான். இரை ஓடுகிற வேகத்தில் வேட்டைக்காரன் ஓடவில்லை. அதனால் ஆரம்பத்திலேயே இரையைவிட அதிகமாக வேட்டைக்காரனைக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரை வளர முடியாத இடமாகப் பார்த்து விட வேண்டும். உணவு என்பதே கிருமி வளர வசதியான இடம், அங்கேதான் சிக்கல். போதாததற்கு, சர்க்கரைச் சத்துள்ள இடத்தில் இரை பாக்டீரியா அதைத் தின்று அமிலத்தை விடும். அந்த அமிலமே வேட்டையை நிறுத்திவிடும்.

இன்னொரு தடங்கலும் உண்டு. டெல்லோவிப்ரியோ நீந்தித்தான் இரையைப் பிடிக்கும். காய்ந்த மேற்பரப்பிலும் கெட்டியான உணவின் உள்ளேயும் நீந்த வழி ஏது?

"99.9 சதவீதம் கொன்னுட்டா போதாதா? சோப்பு விளம்பரத்துல அதானே சொல்றாங்க?"

இதுதான் மொத்த விஷயத்தின் முடிச்சு, கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் கிருமி இருக்கிறது என்று வையுங்கள். 99.9 சதவீதம் போனால் மிச்சம் ஆயிரம். ஈ. கோலை ஓ157 நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே ஒருவரைப் படுக்கவைத்துவிடும். ஆக, அந்த மிச்சம் ஒன்றும் சின்ன விஷயம் இல்லை.

சரி, மிச்சத்தையும் தின்னட்டுமே என்றால் அங்கேதான் வேட்டைக்காரன் கையை விரிக்கும். ஒரு மில்லிலிட்டர் என்பது ஆயிரம் கன மில்லிமீட்டர். ஆயிரம் கிருமிதான் மிச்சம் என்றால் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஒன்று. ஒரு மில்லிமீட்டர் நமக்கு ஒன்றுமில்லை, டெல்லோவிப்ரியோவுக்கு அது உடல் நீளத்தைப் போல ஆயிரம் மடங்கு. அதுவும் இரை எங்கே இருக்கிறது என்று குறிபார்த்துப் போவதில்லை, கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஓடி, மோதினால்தான் உண்டு. மோதுவதற்குள் சக்தி தீர்ந்துவிடும். ஒரு மில்லிலிட்டரில் லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரைக்குமாவது இரை இருந்தால்தான் வேட்டைக்காரக் கூட்டம் பிழைக்கும். அதற்குக் கீழே இறங்கினால் இரையும் கொஞ்சம் தப்பும், வேட்டைக்காரனும் பட்டினியில் சாகும். மானை முழுக்க அழித்த புலி உண்டா? அதே கதைதான்.

எனவே டெல்லோவிப்ரியோ கிருமியைக் குறைக்கும், துடைத்தெடுக்காது. அடுத்த சில பதில்கள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

"ஃப்ரிட்ஜுக்குள்ள வேலை செய்யுமா?"

செய்யாது. 30 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருந்தால்தான் அதற்கு உற்சாகம். குளிர்பெட்டியின் 4, 5 டிகிரியில் வேட்டை நின்றுபோகும். அந்தக் குளிரிலும் வளரக்கூடிய லிஸ்டீரியாவோ அதற்கு இரையே இல்லை.

உடனே சிலர், "அப்ப சாப்பாட்டை வெளியவே வச்சுடலாமா, அது வேலை செய்யட்டும்?" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த 30 டிகிரி கிருமிக்கும் பிடித்த சூடுதான். யார் முந்துவார்கள் என்று பாட்டில் கேள்வியில் பார்த்தோமே.

"பின்ன எதுக்குத்தான் இது? எங்கதான் பயன்படும்?"

உணவு தட்டுக்கு வருவதற்கு வெகு முன்னால். கிருமி மொய்த்துக் கிடக்கிற, ஈரமான, காற்றோட்டமுள்ள, 'கொஞ்சம் குறைந்தாலே லாபம்' என்கிற இடங்களில். அப்படிப்பட்ட இடங்கள் உணவுச் சங்கிலியில் நிறைய இருக்கின்றன.

முதலாவது, பாத்திரமும் இயந்திரமும். பால், இறைச்சி கையாளும் எவர்சில்வர் பரப்புகளில் கிருமிகள் பசைபோல ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் பதுங்கியிருக்கும். சுத்திகரிப்பு மருந்து மேலோடு போய்விடும். படலத்துக்குள் இரை நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் வேட்டைக்காரனுக்கு அது விருந்து மண்டபம், 99.9 சதவீதக் கேள்வியில் சொன்ன 'இரை போதாத' பிரச்சினையே அங்கே இல்லை. 1990களின் நடுவில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் எவர்சில்வர் பரப்பில் ஒட்டியிருந்த ஈ. கோலை ஓ157, சால்மொனெல்லா மேல் இதை விட்டுப் பார்த்தார்கள், எண்ணிக்கை இறங்கியது. எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் இடம் இதுதான். வேட்டை முடிந்தபின் வழக்கம்போல் மருந்து போட்டுக் கழுவிவிடலாம், உணவில் எதுவும் கலக்காது. வரிசையை மட்டும் மாற்றிவிடக் கூடாது. முதலில் மருந்தைப் போட்டால் அது வேட்டைக்காரனையும் கொன்றுவிடும்.

இரண்டாவது, பண்ணை. 2011இல் வெளியான நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வில், சால்மொனெல்லா இருந்த கோழிக் குஞ்சுகளுக்கு டெல்லோவிப்ரியோவை வாய்வழியாகக் கொடுத்தார்கள். குடல்பையில் சால்மொனெல்லா குறைந்தது, குடல் அழற்சியும் குறைந்தது. முழுக்க ஒழியவில்லை. குடலில் காற்று இல்லை என்று மேலே சொன்னேன், அங்கேயும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து ஓரளவு வேலை செய்ததே பெரிய விஷயம். 2014இல் மொட்டுக் காளான்கள்: மேற்பரப்பில் பழுப்புத் திட்டு உண்டாக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை இது குறைத்து, திட்டையும் குறைத்தது. 2012இல் கடல்நீரிலும் சிப்பிகளிலும், கடல்வாழ் வேட்டை பாக்டீரியாக்கள் விப்ரியோக்களை இயற்கையாகவே அடக்கிவைப்பதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிப்பியைப் பச்சையாகச் சாப்பிடுகிறவர்கள் அந்த வேட்டைக்காரர்களுக்கு ஏற்கெனவே கடன்பட்டவர்கள்தான்.

"மிச்சம் இருக்குன்னு சொல்றீங்களே, அந்த மிச்சத்தை யார் முடிப்பா?"

உயிருள்ள உடம்பில் அதற்கு ஆள் இருக்கிறது. 2016இல் வரிக்குதிரை மீன் குஞ்சுகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. கொல்லும் அளவு ஷிகெல்லாவைச் செலுத்தி, கூடவே டெல்லோவிப்ரியோவையும் செலுத்தினார்கள். வேட்டைக்காரன் கூட்டத்தைக் குறைத்தது, மிஞ்சியதை மீனின் வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொண்டன. நிறைய குஞ்சுகள் பிழைத்தன. இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

உணவுக்கு வெள்ளை அணு கிடையாது. அங்கே துணை ஆளை நாம்தான் அனுப்ப வேண்டும்: சூடோ, புளிப்போ, குளிரோ, பேஜோ. 2020இல் பேஜையும் டெல்லோவிப்ரியோவையும் ஒன்றாக விட்டபோது, தனித்தனியாக முடியாததைச் சேர்ந்து முடித்து ஈ. கோலையை முழுதாக அழித்தன. வேட்டைக்காரனிடம் தப்பியது பேஜிடம் மாட்டும், பேஜுக்குப் பழகியது வேட்டைக்காரனிடம் மாட்டும்.

"ஆன்டிபயாட்டிக்குக்குப் பழகின மாதிரி இதுக்கும் கிருமி பழகிடாதா?"

ஆன்டிபயாட்டிக் இரையின் ஒரு பாகத்தைக் குறிவைக்கும். அந்தப் பாகம் கொஞ்சம் மாறினால் மருந்து தோற்கும். டெல்லோவிப்ரியோ சுவரை உடைக்க, புரதத்தை உடைக்க, மரபணுவை உடைக்க என்று ஏகப்பட்ட நொதிகளோடு வருகிறது. ஒரே மாற்றத்தில் இத்தனையிலிருந்தும் தப்புவது கடினம். பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளையும் அது சாதாரண இரையாகவே நினைத்துத் தின்கிறது.

ஆனால் ஒரு கூட்டத்தில் எப்போதும் சில தப்பிக்கும். 2004இல் இதை ஆராய்ந்தார்கள். தப்பியவற்றைத் தனியே எடுத்து வளர்த்தால், அவற்றின் சந்ததி மறுபடியும் சாதாரண இரையாகவே இருந்தது. அது தற்காலிக முரட்டுத்தனம், பரம்பரைச் சொத்து இல்லை. மற்றபடி, சில பாக்டீரியாக்கள் வெளிச்சவ்வுக்கு மேல் புரதத்தால் ஓடு கட்டிக்கொள்ளும். ஓட்டில் இடைவெளி இல்லாவிட்டால் வேட்டைக்காரனால் ஒட்ட முடியாது. ஈ. கோலை விடும் இன்டோல் என்ற பொருள் நிறையச் சேர்ந்தாலும் வேட்டை மந்தமாகும்.

"கெட்டுப்போன சாப்பாட்டுல இதை விட்டா திரும்ப நல்லாயிடுமா?"

ஆகாது. கிருமி செத்தாலும் அது ஏற்கெனவே விட்ட நச்சு அங்கேயேதான் இருக்கும். ஸ்டாஃபிலோகாக்கஸின் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது, வேட்டை பாக்டீரியா அதை என்ன செய்யும்? கெட்டது கெட்டதுதான், குப்பையில் போடுங்கள்.

"இதை மரபணு மாத்தி உருவாக்கினாங்களா?"

இல்லை, இயற்கையில் இருப்பதுதான். 2004இல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தார்கள், ஏறக்குறைய 38 லட்சம் எழுத்துகள். அவ்வளவு சின்ன உடம்புக்கு இது பெரிய புத்தகம். அதில் இரையை உடைக்கும் நொதிகளைப் பற்றிய பக்கங்கள் நிறைய. தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களில் பலவற்றைத் தானே செய்துகொள்ளத் தெரியாது, எல்லாம் அடுத்தவர் வீட்டிலிருந்துதான்.

"வேட்டையாடுறது இது ஒண்ணுதானா?"

இன்னும் உண்டு. மைக்கவிப்ரியோ இரைக்குள் நுழையாது, வெளியே ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். மண்ணில் வாழும் மிக்ஸோகாக்கஸ் கூட்டமாக ஊர்ந்து போய், எல்லாரும் சேர்ந்து நொதியைக் கொட்டி இரையைக் கரைக்கும். அது கிராம் பாசிட்டிவையும் விடாது. லிஸ்டீரியாவுக்கு அதை விடலாமே என்று தோன்றும். ஆனால் அது ஊர்கிற வேகமும், தனக்கென்று கட்டும் பிசுபிசுப்பும் உணவுக்கூடத்துக்கு ஒத்துவராதவை.

"இதை வளர்க்கவே கெட்ட கிருமி வேணுமே? அந்தக் கிருமி மிச்சமும் கூடவே உணவுக்குள்ள வராதா?"

ஒரு கல்லூரி மாணவி கேட்டது. இதுவரை என்னிடம் கேட்டவற்றில் நல்ல கேள்வி என்று இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் 'முழுதாக அழிக்காது' என்ற பதிலையே திருப்பி என் மேல் விட்டாள். வேட்டைக்காரனை வளர்க்கும் குடுவையிலும் இரை மிச்சம் இருக்கத்தானே செய்யும்?

இருக்கும். அதனால் இரையாக நோய் தராத ஆய்வக ஈ. கோலையைத்தான் போடுகிறோம். கலங்கலாக இருந்த குடுவை ஒரு நாளில் தெளிந்துவிடும். தெளிந்ததை 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியில் விட்டால் மெலிந்த உடம்புக்காரனான டெல்லோவிப்ரியோ நழுவி வந்துவிடும், பருத்த ஈ. கோலை மேலே தங்கிவிடும். ஆய்வகத்தில் ஒரு சிரிஞ்சுக்கு இது சுலபம், கையாலேயே அழுத்திவிடலாம். தொட்டி தொட்டியாகச் செய்யும்போது வடிகட்டி அடைத்துக்கொள்ளும். செத்த இரையின் சவ்வுத் துணுக்குகளும் சேர்ந்தே வரும், அதைத் தனியாகக் கழுவி எடுக்க வேண்டும்.

இரையே இல்லாமல் சத்துக் கரைசலில் வளரப் பழகிய டெல்லோவிப்ரியோ வகைகளும் இருக்கின்றன. அவற்றை வளர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உட்கார்ந்த இடத்தில் சோறு கிடைத்துப் பழகிய அந்த வகைகள் வேட்டையில் மந்தமாகிவிடுவது உண்டு. எங்கள் இன்குபேட்டரில் அப்படி ஒன்று இருக்கிறது. சத்துக் கரைசலில் நன்றாகக் கொழுக்கிறது, இரைத் தட்டில் விட்டால் ஒரு வாரத்துக்கு ஒரு வட்டம்கூடப் போடமாட்டேன் என்கிறது.